ஆராய்ச்சிக்கு எது காவல்?

மாலையானதும் ஜன்னல்களைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றுகிற புதுச்சேரி மூலக்குளத்துவாசிகளில் எத்தனை பேர் அறிவார்கள், ஜிப்மருக்கு அருகே கொசு ஆராய்ச்சி நிலையம் தோன்றிய அதே 1975-இல், டில்லியில் வேறொரு கொசு ஆராய்ச்சி அந்நியச் சதியென்ற சந்தேகத்துக்கு இரையாகி மூடப்பட்டதை?

உலக சுகாதார ஸ்தாபனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, அமெரிக்கப் பணத்தில் நடத்திய அந்த டில்லி ஆராய்ச்சிப் பிரிவு, மலட்டு ஆண் கொசுக்களை வெளியில் விட்டு இனப்பெருக்கத்தைத் தடுக்க முயன்றது. மலேரியா வாட்டும் தேசத்தில், இங்கில்லாத மஞ்சள் காய்ச்சலைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசுவின் மீது இத்தனை சிரத்தை ஏன் என்ற வினா 1974-இல் பத்திரிகைகளில் எழுந்தது. பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் கண்டித்தது. உயிரியல் போர்க் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆயினும், இன்று டெங்குவால் நம்மைப் படுத்துகிற அதே ஏடிஸைப் பற்றிய ஆராய்ச்சி நின்றுபோயிற்று.

கேள்வி கேட்டது பிழையன்று. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே கேளாததுதான் பிழை. காலம் கடந்த சந்தேகம் ஆட்களின்மேல் பாய்ந்தால் என்னவாகும் என்பதற்கு, 1994-இல் உளவாளியென்று கைதாகி, 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 50 லட்ச ரூபாய் நஷ்டஈடு பெற்ற விஞ்ஞானி நம்பி நாராயணனே சாட்சி.

ஆகவே, பணம் யாருடையது, மாதிரிகளும் தரவுகளும் எங்கே போகின்றன, முடிவைப் பிரசுரிக்கும் உரிமை எவருக்கு என்ற மூன்றையும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆரம்பத்திலேயே பகிரங்கப்படுத்தட்டும். அதற்கு உடன்படாத தனவந்தர் எவராயினும், அவர் பணம் நமக்கு வேண்டாம்.