மேற்குக் கடலும் நம் காமிராவும்

கொச்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஊருக்குக் கடற்கரைப் படம் ஒன்றேனும் அனுப்பாத குடும்பம் அரிது. மகன் வேலை பார்க்கும் ஊரைப் பாட்டியார் கண்டதில்லை. பேரப்பிள்ளை வளர்ந்து வரும் அழகையும் நாள்தோறும் காண்பதற்கில்லை. அவருக்கு அந்தப் படந்தான் கொச்சி. அந்தப் படந்தான் பேரன். அப்படியிருக்க, வானம் வெளுத்து, முகம் கரிபிடித்து, கடல்நீர் ஒரு பக்கமாக வழிந்துவிடுமோ என்று அஞ்சும்படி அடிவானம் சாய்ந்து கிடந்தால், "பிள்ளை எங்கே நிற்கிறான், மூஞ்சியே தெரியவில்லையே" என்று அவர் கேட்பது நியாயந்தானே? பல இல்லங்களில் இத்தகைய படங்களைப் பார்த்தபின், இம்மாதம் இதைப் பற்றியே எழுதுவது என்று தீர்மானித்தோம்.

குறை காமிராவில் இல்லை. விலை உயர்ந்த கைபேசி வாங்கினாலும் அது தீர்வதில்லை. குறை திசையில் இருக்கிறது. நம்மவரில் பெரும்பாலோர் கிழக்குக் கரை மக்கள். சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் சூரியன் கடலிலிருந்து எழுகிறான். அங்கே மாலையில் பிள்ளைகளைக் கடலுக்கு முன் நிறுத்திப் படமெடுத்தால், வெயில் படமெடுப்பவரின் முதுகுப் பக்கமிருந்து வந்து பிள்ளைகளின் முகத்தில் விழும். அந்தப் பழக்கத்தையே இங்கும் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் இங்கே மாலைச் சூரியன் கடற்பக்கம் நிற்கிறான். காமிரா அவனை நேருக்கு நேர் பார்க்கிறது. பிள்ளைகளின் முகமோ நிழலில் கிடக்கிறது. குளச்சல், முட்டம் பக்கத்து அன்பர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் விதி இது: முகமும் கரையும் கடலின் நிறமும் வேண்டுமானால் காலையில் செல்க, வானத்தின் கோலம் வேண்டுமானால் மாலையில் செல்க. இரண்டையும் ஒரே படத்தில் கேட்கவேண்டா. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோட்டைக் கொச்சிக் கரையில் நின்று பாருங்கள். எறணாகுளத்துப் பக்கமிருந்து வரும் இளவெயிலில் கடல் தன் உண்மை நிறத்தோடு இருக்கும். கூட்டமும் குறைவு. ஆனாலும் நம்மவர் மாலை ஐந்து மணிக்கு முன்னால் கடற்கரைக்குப் புறப்பட்டதாக வரலாறு இல்லை!

நாம் வாழும் வெலிங்டன் தீவுக்கு மணற்கரை கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் கொச்சிக்கு வந்து துறைமுக வேலையை ஏற்றார். காயலைத் தோண்டி ஆழப்படுத்தியபோது கிடைத்த மண்ணை வெண்டுருத்திச் சிறு தீவை ஒட்டிக் கொட்டி உயர்த்திய நிலமே இத்தீவு. வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் இதற்கு இடப்பட்டது. நம் நாவில் அது வெலிங்டனாகிவிட்டது. குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. மணலுக்கு நாம் கோட்டைக் கொச்சிக்கோ, வைப்பின் தீவின் வடகோடியிலுள்ள செறாயிக்கோதான் போக வேண்டும்.

இனி, படத்துக்குள் எவ்வளவு வெளிச்சத்தை விடுவது என்னும் விஷயம். எக்ஸ்போஷர் என்று படக்கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி தன் எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று நம்புகிறது. சாதாரணக் காட்சிகளில் அந்த நம்பிக்கை பிசகுவதில்லை. கடற்கரையில் பிசகிவிடுகிறது. பளபளக்கும் நீரையும் வானத்தையும் பார்த்து, "அடேயப்பா, வெளிச்சம் மிகுதி" என்று எண்ணி எல்லாவற்றையும் மங்கச் செய்துவிடுகிறது. அம்மங்கலில் முதலில் மாய்வது நம் முகந்தான்.

இதற்கு நல்ல பாடசாலை ஒன்று நம்மருகிலேயே உண்டு. கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதியிலுள்ள தோபி கானாவில் பல தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருவோர் தமிழ்க் குடும்பங்களே; டச்சுக்காரர் காலத்திலேயே தம் முன்னோர் இங்கு வந்தனர் என்பது அவர்கள் வழங்கும் வரலாறு. கொடிகளில் வரிசை வரிசையாக வெள்ளைத் துணி காயும் அவ்விடத்தைக் கைபேசி தன் போக்கில் எடுத்தால், உழைத்து வெளுத்த வெள்ளையெல்லாம் அழுக்குச் சாம்பலாகிவிடும். வெளுத்தவருக்கு அதைவிட அவமரியாதை உண்டோ? திரையில் துணியின்மேல் விரலால் தொட்டால் சிறு சூரியக் குறி ஒன்று தோன்றும். அதைச் சற்றே மேல்நோக்கித் தள்ளினால் வெள்ளை வெள்ளையாகும். பெரிய காமிரா உடையோர் இழப்பீட்டு எண்ணை ஒன்று வரை கூட்டுக. ஆனால் அங்கே போவோர் முதலில் கேட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும். அது கண்காட்சியன்று, ஒருவர் வேலை செய்யும் இடம். அதிலும் அவர்கள் நம்மவர்.

வானம் பின்னிருக்க ஆள் முன்னிருந்தால் திரையில் ஆளின் முகத்தைத் தொடுக. முகம் தெளியும், வானம் வெளுக்கும். வானத்தைத் தொட்டால் அது தெளியும், ஆள் நிழலுருவாவான். எது வேண்டுமென்று நாமே முடிவு செய்ய வேண்டும். இக்காலக் கைபேசிகள் பல படங்களை ஒருங்கே எடுத்து ஒட்டி இந்த இடரை ஓரளவு சமாளிக்கின்றன. அந்த உபாயமும் புதிதன்று. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலைப் படமெடுத்தபோது, வானத்துக்கு ஒரு தகடும் கடலுக்கு ஒரு தகடுமாக இரண்டு எடுத்து, அடிவானத்தில் பொருத்தி ஒரே படமாக அச்சிட்டார். அத்தகைய விற்பன்னருக்கே ஒரு தகட்டில் இரண்டும் அடங்கவில்லை என்றால், நாம் மனம் சோர்வானேன்?

மாலையில்தான் போக முடியும், முகமும் தெரிய வேண்டும் என்போருக்கு ஒரு வீட்டு வைத்தியம் சொல்கிறோம். கூட வந்தவர் ஒருவர் வெள்ளை வேட்டியையோ துண்டையோ காமிராவுக்குப் பக்கத்தில் விரித்து, சூரியனை நோக்கிப் பிடிக்கட்டும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தை மலர்த்திவிடும். கல்யாண வீட்டுப் படக்காரர்கள் வெள்ளைப் பலகை பிடிப்பதும் இதற்காகவே. ஆறடிக்குள் ஆள் நின்றால் மின்வெளிச்சமும் உதவும். அதற்கப்பால் அதனால் பெரிய பயனில்லை.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். கொச்சியில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே சூரியன் மறைகிறான். நம் பகுதியில் அவன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் மறைந்தபின் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை. அந்த இருபது நிமிஷமே மிகச் சிறந்தது. சூரியன் முழுகியதும் "முடிந்தது" என்று எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் செம்மை ஊதாவாகி, ஊதா கருநீலமாகிறது. இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். கைபேசியை ஒரு கல்லின்மேல் ஊன்றி அசையாமல் வைத்து எடுக்க வேண்டும். தானியங்கி நிறச் சீரமைப்பு அந்தியின் பொன்னிறத்தைக் குற்றமென்று கருதிக் கழுவிவிடுவதும் உண்டு. அமைப்பில் வெயில் குறியைத் தேர்ந்தெடுத்தால் பொன் பொன்னாகவே நிற்கும். பின்னர் வீட்டில் அமர்ந்து நிறத்தை ஏற்றி ஏற்றி, அரபிக் கடலைக் கேசரிப் பவுடர் கரைத்த நீர்போல் ஆக்குவோரும் உளர். அவர்களுக்கு நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மனிதர் நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில் கோடாக் நிறுவனம் படநிலையங்களுக்கு அனுப்பிய நிற மாதிரி அட்டையில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. அவர் நிறம் சரியாக வந்தால் போதும் என்றே அச்சிட்டார்கள். கறுத்த முகங்கள் அதில் பட்ட பாடு பழைய ஆல்பங்களைப் புரட்டினால் தெரியும். இன்றைய கைபேசியில் அந்த வழக்கம் "அழகூட்டல்" என்ற பெயரில் வேறு வேடம் பூண்டிருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். பாட்டியார் பார்க்க விரும்புவது தம் பேரனை. சுண்ணாம்பு அடித்த ஒரு பிள்ளையை அன்று.

கேரளக் கடற்கரையை வண்ணத்தில் காணவேண்டின் 'செம்மீன்' படத்தை மறுபடி பாருங்கள். 1965-இல் வெளிவந்து குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற அப்படத்துக்குக் காமிரா பிடித்தவர் மார்கஸ் பார்ட்லி; நாம் வியந்து பார்த்த 'மாயாபஜார்' (1957) படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே. கதையைக் கொஞ்சம் மறந்து, ஒவ்வொரு காட்சியிலும் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, அடிவானம் திரையில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மட்டும் கவனித்தால், நாம் இங்கே எழுதுவதைவிட அதிகம் கற்கலாம்.

படத்தின் அமைப்பில் இரண்டு மூன்று செய்திகளே. அடிவானம் நேராக இருக்கட்டும். படத்தின் நட்டநடுவே வேண்டா. வானம் அழகாயிருந்தால் கோட்டைக் கீழே இறக்குக. மணலும் அலையும் அழகாயிருந்தால் மேலே ஏற்றுக. நிற்பவரின் கழுத்தை அக்கோடு அறுப்பதுபோல் அமையலாகாது. காமிராவைச் சற்றே தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ கழுத்து தப்பும். கைபேசியின் கண் அகன்ற பார்வையுடையது. பெருங்கடலையும் சிறு கோடாக்கிவிடும். ஆகவே அருகில் ஏதேனும் ஒன்று இருக்கட்டும்: கயிறு, தோணியின் முனை, ஈரமணலில் ஒரு காலடி.

சீனவலைகளே இங்கே அனைவரும் எடுக்கும் பொருள். மரச்சட்டத்தின் ஒரு முனையில் வலையும் மறுமுனையில் கயிற்றில் கோத்த கற்களும் தொங்க, பலர் சேர்ந்து இழுத்து உயர்த்தும் பொறி அது. வலை நீருக்குள் இருக்கும்போது எடுத்தால் வெறும் கழிகளே தெரியும். அது எழுந்து, அடிவானத்துக்கு மேலே வானத்தில் விரியும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு வலையே போதும். மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்தால் விறகுக் கட்டைப் போலிருக்கும். கயிறு இழுப்பவரையும் சேர்த்து எடுங்கள். அவரில்லாமல் அந்த வலை எழுவதில்லை.

கப்பல் படம் விரும்பும் பிள்ளைகளுக்கு வாய்ப்பான இடமும் இதுவே. கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையிலுள்ள முகத்துவாரம் குறுகியது. பெருங்கப்பல்கள் கரைக்கு மிக அருகே கடந்து செல்கின்றன. துறைமுகத்தில் வேலை பார்க்கும் தந்தை எந்தக் கப்பலுக்குப் போகிறார் என்று பிள்ளைகள் நேரில் கண்டு படமெடுக்கலாம். ஆனால் தீவிற்குள் அந்த ஆசை வேண்டா. கடற்படைத் தளமும் விமான நிலையமும் துறைமுக வளாகமும் உள்ள இடம் அது. தடைப் பலகை கண்ட இடத்தில் காமிராவை வெளியே எடுக்காதிருத்தல் நலம். 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. பறக்கும் காமிராவை அனுமதியின்றி ஏவுவதோ பெருந்தொல்லைக்கு வழி.

மழைக்காலத்தில் காமிராவைப் பெட்டியில் பூட்டி வைப்போரும் உண்டு. ஜூன், ஜூலையில் முகில் மூடிய வானம் ஒரு பெரிய வெள்ளைத் துணிபோல் ஒளியைப் பரப்புகிறது. முகத்தில் நிழல் விழுவதில்லை. நனைந்த மரத்தின் நிறமும் பாசியின் நிறமும் ஆழ்ந்து காணும். அந்நாளில் வானத்தை மட்டும் படத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியை மென்மையான பருத்தித் துணியால் துடைப்பதும் முக்கியம். உப்புத்துளியும், அடுக்களையிலிருந்து விரலோடு வந்த தேங்காயெண்ணெயும் சேர்ந்தே பல படங்களில் பனிமூட்டத்தை உண்டாக்குகின்றன.

மழைக்கால அலைகள் கோட்டைக் கொச்சியின் மணலை அரித்துச் செல்வதை நாம் காண்கிறோம். தெற்கே செல்லானத்தில் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. 2022 முதல் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கரை கட்டினார்கள். நேற்றுப் பிள்ளைகள் ஓடிய மணல் நாளை நீராகலாம். எனவே ஒரு யோசனை: கரையில் மாறாத ஓர் இடத்தை, ஒரு பாறையையோ படிக்கட்டையோ, அடையாளம் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே மாதம், அதே வேளையில், குடும்பத்தோடு அங்கே நின்று எடுங்கள். டிசம்பரில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே விலகி மறைகிறான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நேர் மேற்கே. மாதம் மாறினால் வெளிச்சமும் மாறிவிடும். பிள்ளையின் உயரமும் மணலின் அகலமும் அப்படங்களில் சேர்ந்தே பதியும்.

ஊருக்கு அனுப்பும் படத்தைக் கைபேசியிலேயே விட்டுவிடாமல் தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். பளபளப்பற்ற தாளே நல்லது. விளக்கடியில் பார்க்கும் முதியோர்க்குக் கண் கூசாது. படத்தின் பின்புறம் இடமும் தேதியும் நிற்பவர் பெயரும் எழுத வேண்டும். அதையும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுக. பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.