அடிக்கடி மறதியா? மூளை ஸ்கேன் எடுத்தா டிமென்ஷியா வருமான்னு தெரிஞ்சிடுமா? முழு விளக்கம்

"அடுப்புல பால் வச்சதே மறந்துபோச்சு", "இந்தப் பொண்ணு பேரு என்னன்னு வாயில வரமாட்டேங்குது". 60 வயசைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. புதுச்சேரியை ஒட்டியுள்ள பூரணாங்குப்பம் போன்ற கிராமங்களில் இதற்கு இரண்டு பதில்கள் வரும். பெரியவர்கள் "வயசாயிடுச்சு, விடு" என்பார்கள். மொபைலில் தேடிப் பார்த்த பிள்ளைகள் "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்மா" என்பார்கள். இதில் எது சரி?

இந்தியாவில் எத்தனை பேருக்கு பாதிப்பு?

2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம். அதாவது சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிட பெண்களிடமும், நகரங்களைவிட கிராமங்களிலும் பாதிப்பு அதிகம் என்கிறது அந்த ஆய்வு.

ஸ்கேனில் என்ன பார்க்கிறார்கள்?

முதலில் எம்ஆர்ஐ. புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருக்கிறதா, சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்ட தடங்கள் இருக்கின்றனவா என்று இதில் பார்க்கலாம்.

அடுத்தது பெட் ஸ்கேன். இதில் ஒரு வகை, மூளை குளுக்கோஸை எங்கே குறைவாகப் பயன்படுத்துகிறது என்று காட்டும். இன்னொரு வகை, அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும். இந்தப் புரதம், அறிகுறி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே படியத் தொடங்கிவிடும். அதனால்தான் 'முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்' என்ற நம்பிக்கை வந்தது.

அப்போ ஸ்கேன் எடுத்தா உறுதியா தெரிஞ்சிடுமா?

இல்லை. மறதி எதுவுமே இல்லாதவர்களின் மூளையிலும் அமிலாய்டு இருக்கும். 2015ல் வெளியான சர்வதேச ஆய்வில், நினைவாற்றல் நன்றாக உள்ளவர்களிலேயே 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் அமிலாய்டு இருந்தது. இவர்கள் எல்லோருக்கும் டிமென்ஷியா வந்துவிடுவதில்லை.

அதேபோல, மறதியோடு மருத்துவமனைக்கு வந்து 'லேசான அறிவாற்றல் குறைபாடு' என்று கண்டறியப்படுபவர்களில், ஆண்டுக்கு சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர்தான் டிமென்ஷியா நிலைக்குப் போகிறார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். ஸ்கேன் சொல்வது வாய்ப்பைத்தான், தீர்ப்பை அல்ல.

கிராம மக்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

முக்கியமான கேள்வி இதுதான். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, ஐரோப்பாவில் நடந்தவை. படிப்பு, உணவு, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் என எல்லாமே இங்கே வேறு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கர்நாடகாவின் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 2018ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 45 வயதைக் கடந்த 10,000 கிராம மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது திட்டம். நினைவாற்றல் சோதனை, ரத்தப் பரிசோதனையோடு எம்ஆர்ஐயும் உண்டு.

பிறகு ஸ்கேன் எதற்கு?

சரிசெய்யக்கூடிய காரணங்களைக் கண்டுபிடிக்க. கீழே விழுந்ததில் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம், நீர் கோர்த்திருக்கலாம், கட்டி இருக்கலாம். இவற்றாலும் மறதி வரும். பி12 குறைபாடு, தைராய்டு, மன அழுத்தம், சில தூக்க மாத்திரைகளாலும் வரும். ஆனால் இவை ஸ்கேனில் தெரியாது. ரத்தப் பரிசோதனையிலும், டாக்டரிடம் உட்கார்ந்து பேசுவதிலும்தான் தெரியும்.

2025 மே மாதம் அமெரிக்கா, அல்சைமரைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை ஒன்றை முதன்முறையாக அனுமதித்தது. அதுகூட அறிகுறி உள்ள, 55 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே.

நாம என்ன செய்யணும்?

சாவியை வைத்த இடம் மறப்பது பெரிய விஷயமில்லை. பழகிய தெருவிலேயே வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, காசுக் கணக்கில் திடீரென தடுமாறுவது போன்றவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரையைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நரம்பியல் டாக்டரிடம் போகலாம். கோரிமேடு ஜிப்மரில் நரம்பியல் துறை உள்ளது. எந்த ஸ்கேன் வேண்டும், வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நாமாகப் போய் எடுத்தால் காசும் போகும், வீண் பயமும் வரும்.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2024 லான்செட் ஆணைய அறிக்கை, 14 ஆபத்துக் காரணிகளைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைபாடு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மாவுக்குக் காது சரியா கேக்குதா, கண் புரை இருக்கா, பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா? இதையெல்லாம் இன்றே கவனிக்கலாம். இதற்கு ஸ்கேன் தேவையில்லை.