மனையும் மாநகரும்: பனிக்காலத்தில் புதுக் கார்

ஆண்டு முடியும் தறுவாயில் சிறு கார் வாங்க எண்ணும் அன்பர்களிடமிருந்து இப்பகுதிக்கு வரும் வினாக்கள் பெருகுகின்றன. ஊதியத்தில் மிச்சம் பிடித்தும், சேமநிதியிலிருந்து கடன் பெற்றும், குடும்பத்துக்கு முதன்முதலாக ஒரு வண்டி வாங்குவோரே அவர்களுள் பலர். சென்னையிலோ மதுரையிலோ பல்லாண்டு கார் ஓட்டியவர்களுக்கும் தில்லிக் குளிர் புதிது. புது வண்டியை முதல் மாதத்தில் எவ்வாறு ஓட்டுவது, விடியற்காலையில் என்ஜினை எத்தனை நிமிடம் சூடேற்றுவது என்னும் இவ்விரு வினாக்களே மிகுதி. இவை இரண்டும் உண்மையில் ஒரே வினா என்பது நம் கருத்து.

முதலில் வாங்கும் காலத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். திசம்பர் மாதத்தில் விற்பனையாளர்கள் விலையைத் தளர்த்துகிறார்கள். சனவரி பிறந்தவுடன் அதே வண்டி 'சென்ற ஆண்டுச் செய்பொருள்' ஆகிவிடுவதே காரணம். நம்மவர்களோ மார்கழியில் புதுப்பொருள் வாங்கத் தயங்கி, தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கப் போகும் குடும்பத்துக்குத் திசம்பர்த் தள்ளுபடி நல்ல ஆதாயமே. மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றலாகி வண்டியை விற்க நேரிடும் என்று எண்ணுவோர், தையில் வாங்குவதால் இழப்பது அதிகமில்லை. வாங்குபவர் பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தி ஆண்டையே முதலில் பார்ப்பார். மார்கழியானாலும் தையானாலும், வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் தலைநகரின் கடுங்குளிரில்தான் கழியும். 2021 சனவரி முதல் நாளன்று சப்தர்ஜங்க் வானிலை நிலையத்தில் 1.1 பாகை செல்சியசு வரை வெப்பம் இறங்கியது நம்முள் பலருக்கு நினைவிருக்கும்.

எந்தக் கார் என்று பெயர் குறித்துச் சொல்வது இப்பகுதியின் வேலையன்று. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், 1,200 கன சென்டிமீட்டருக்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் உடைய வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டமையால், சிக்கனம் நாடுவோர் அவ்வரம்புக்குள் தேடுவதே இயல்பு. ஆனால் ஊரில் கார் வாங்கும் கண்ணோடு இங்கே வாங்குதல் கூடாது. ஊரில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்போம். இங்கே பின்கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கும் மின்கம்பிகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். விலை குறைந்த வகைகளில் இவ்வசதியைத்தான் முதலில் கழித்துவிடுகிறார்கள். ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒலிபெருக்கியும் இருக்கை உறையும் வாங்குவோர், அப்பணத்தை அடுத்த உயர்வகையில் கிடைக்கும் இவ்வசதிக்காகச் சேர்த்து வைத்தால் மூடுபனி நாளில் அதன் அருமையை அறிவார்கள். நிறத்திலும் கவனம் வேண்டும். சாம்பல் நிறமும் வெள்ளியின் நிறமும் மூடுபனியில் கரைந்துவிடும். சிவப்போ அடர்நீலமோ பின்னால் வருபவன் கண்ணுக்குச் சற்று முன்பே புலப்படும்.

வண்டியைப் பெறுமுன் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 4025 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் நாற்பதாம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்பது பொருள். டயர் மிகப் பழையதாயின், வண்டியும் விற்பனையாளரின் முற்றத்தில் நெடுநாள் நின்றதோ என்று ஐயுறலாம். அவ்வாறு நின்ற வண்டியின் பாட்டரி முதல் குளிரிலேயே தளர்ந்துவிடும். குளிர்காலத் துருவுக்கு மருந்து என்று வண்டியின் அடிப்புறத்தில் பூசப்படும் பூச்சை விற்க முயல்வார்கள். பனி உறையும் மேனாடுகளில் சாலையில் உப்பைத் தூவுவதால் அங்கே துரு பெருந்தொல்லை. தில்லிச் சாலையில் உப்பும் இல்லை, சென்னையைப்போல் கடற்காற்றும் இல்லை. அப்பூச்சு இங்கே தேவையற்ற செலவு.

மாற்றலுக்கு உட்பட்ட அன்பர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். மீண்டும் வரி கட்டுவதும், பழைய வரியைத் திரும்பப் பெற அலைவதும் நம்மவர்கள் அறிந்த துன்பமே. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 'பி.எச்.' எண்வரிசை இதற்கொரு தீர்வு. மைய, மாநில அரசு ஊழியர்களும், படையினரும், பொதுத்துறையினரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதைக் கேட்டுப் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். கேட்காமல் எவரும் தரமாட்டார்கள்.

இனி, தலைப்புக்கு வருவோம். முற்காலத்தில் புதுக் காரின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று அட்டை ஒட்டிக்கொண்டு, மாட்டுவண்டிக்கும் வழிவிட்டு ஓட்டுவார்கள். இன்றைய என்ஜின்கள் மிக நுண்மையாகக் கடையப்படுவதால் அவ்வளவு அச்சம் வேண்டியதில்லை. ஆயினும் அடிப்படை மாறவில்லை. சிலிண்டரின் உட்சுவரில் எண்ணெய் தங்குவதற்கென நுண்ணிய குறுக்குக் கோடுகளைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே கீறி வைக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அச்சுவரோடு உராய்ந்து உராய்ந்து, ஒன்றுக்கொன்று இசைவாகப் பொருந்த வேண்டும். இப்பொருத்தம் முதற் சில நூறு கிலோமீட்டரிலேயே அமைகிறது. நன்கு பொருந்தினால் எரிவாயு கசியாது, எண்ணெய் வீணாகாது. பொருந்தாமற் போனால் அவ்வண்டி தன் வாழ்நாள் முழுதும் எண்ணெய் குடிக்கும்.

வளையங்கள் சுவரோடு அழுந்துவதற்கு அவற்றின் பின்னே எரியும் வாயுவின் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் வண்டி சுமையோடு ஓடும்போதுதான் உண்டாகும். நின்ற இடத்தில் உறுமும்போது உண்டாகாது. இங்கேதான் குளிரைப் பற்றிய நம் பழைய பழக்கம் குறுக்கிடுகிறது. 'பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடானபின் எடு' என்று மூத்தோர் சொல்வது அவர்கள் காலத்துக்குப் பொருந்திய அறிவுரையே. அம்பாசடரிலும் கார்புரேட்டர்தான், 1983இல் வெளிவந்த மாருதி 800 வண்டியிலும் முதலில் அதுவே. குளிரில் கார்புரேட்டர் வண்டி சூடேறாமல் நகர்ந்தால் திணறி நின்றுவிடும். இன்றோ மின்னணுக் கருவி குளிரை அளந்து, வேண்டிய அளவு பெட்ரோலைத் தானே தெளிக்கிறது. வண்டி திணறாது. ஆனால் குளிர்ந்த நிலையில் அது வழக்கத்தினும் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும் என்பதை அறிதல் வேண்டும். எரியாது எஞ்சும் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அங்குள்ள எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. நின்றபடி ஓடும் என்ஜின் மெல்லத்தான் சூடேறும். ஆகவே இக்கேடு நீடிக்கும். புது வளையங்கள் பொருந்த வேண்டிய வேளையில் இது இரட்டை நட்டம்.

இன்னொரு வியப்பான செய்தியும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. என்ஜின் சூடாக இருந்தால் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். காலையில் குழாயிலிருந்து வெண்புகை வருவதும் நீர் சொட்டுவதும் இதனாலேயே. புது வண்டியில் அதைக் கண்டு விற்பனையாளரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டரில் உள்ள பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிட்டு உடனே நிறுத்திவிட்டால், அந்நீர் என்ஜினுக்குள்ளும் குழாயிலும் தங்கிவிடும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்த்தால் உட்புறத்தில் மோர் நுரைபோல் வெண்மையாகப் படிந்திருக்கும். குளிர் மட்டும் வண்டியைக் கெடுப்பதில்லை. குளிரில் நின்றே உறுமுவதும், சூடேறுமுன் நிறுத்திவிடுவதும்தாம் கெடுக்கின்றன.

ஆகவே காலையில் சாவியைத் திருப்பியபின் அரை நிமிடம் போதும். இருக்கைப் பட்டியைப் பூட்டி, கண்ணாடியைத் துடைப்பதற்குள் எண்ணெய் எங்கும் பரவிவிடும். பின்பு மெதுவாக நகருங்கள். சில வண்டிகளில் என்ஜின் குளிர்ந்திருக்கும் வரை நீலநிற விளக்கு எரியும். அது அணையும் வரை முடுக்கத்தை அழுத்தி மிதித்தல் கூடாது. விளக்கு அணைந்தாலும் நீர்தான் சூடாயிற்று. எண்ணெய் முழுதும் சூடேற மேலும் சில கிலோமீட்டர் ஆகும்.

நின்றபடி ஓடவிடுவதில் உயிருக்கே தீங்கான ஒன்றும் உண்டு. வீட்டின் கீழ்த்தளத்தில் கதவடைத்த வண்டிக்கொட்டிலில் குளிருக்கு அஞ்சி என்ஜினை ஓடவிடுவது எமனை அழைப்பதற்கு ஒப்பாகும். குளிர்ந்த என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்தபின் எழுந்து கதவைத் திறக்கும் வலிமையும் இராது. அடைத்த இடத்தில் நிற்கும் வண்டிக்குள் வெப்பமூட்டியைப் போட்டுக்கொண்டு குழந்தைகளை உறங்கவைப்பதும் அத்தகையதே. ஒரு கதவைச் சற்றே திறந்து வைத்தால் போதும் என்று நம்பவும் வேண்டாம். வண்டியை வெளியே கொணர்ந்து நிறுத்திவிட்டுப் பிறகு குடும்பத்தாரை ஏற்றுங்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டரை எங்கே ஓட்டுவது? நகர நெரிசலில் மட்டும் ஓட்டினால் நோக்கம் நிறைவேறாது. ஞாயிறு தோறும் பகல் பத்தரை பதினொன்றுக்கு மேல், மூடுபனி விலகியபின், குடும்பத்தோடு ஐம்பது அறுபது கிலோமீட்டர் திறந்த சாலையில் சென்று வாருங்கள். வேகத்தை ஐம்பதிலும், அறுபத்தைந்திலும், எழுபதிலுமாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். நெடுநேரம் ஒரே வேகத்தில் செல்வது ஆகாது. முழு முடுக்கமும் வேண்டாம். மேல் கியரில் போட்டுக்கொண்டு வண்டி அதிர அதிர ஊர்ந்து செல்வதும் வேண்டாம். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது இதுவே, இது வேகத்தினும் கொடியது. பிரேக்குக் கட்டைகளும் முதல் முந்நூறு கிலோமீட்டர் வரை முழுப்பிடிப்புக் கொள்ளா. புது டயரின் மேற்பரப்பும் வழவழப்பானது. ஆதலின் மலை மந்திரில் சுவாமிநாதன் முன் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை முடித்து இறங்கும் அன்றே, ஈரச்சாலையில் அவசர நிறுத்தத்துக்கு அவ்வண்டியை நம்புதல் தகாது. நல்ல நேரம் பார்ப்பவர்கள் விடியற்காலை முகூர்த்தத்தை விடுத்து உச்சிவேளையை ஒட்டிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சாலையும் கண்ணுக்குத் தெரியும்.

யமுனை விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நீளம். ஆக்ரா வரை வளைவு நெளிவின்றிச் செல்வது. பழக்குவதற்கு ஏற்ற சாலை என்று தோன்றும். ஆனால் மூடுபனியில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் குவியும் விபத்துகளுக்கு அது பெயர் பெற்றுவிட்டது. பகலில், கண்ணுக்கு எட்டும் தூரம் நன்கு தெரியும்போதன்றிப் புது வண்டியோடு அங்கே செல்ல வேண்டாம். முன்கண்ணாடியின் உட்புறம் மங்கினால் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். வெப்பமூட்டியோடு குளிர்சாதனத்தையும் சேர்த்து இயக்கினால், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிறிது நேரத்தில் கண்ணாடியைத் தெளிவாக்கும். குளிரில் குளிர்சாதனமா என்று வீட்டில் நகைப்பார்கள், நகைக்கட்டும்.

டயரின் காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தரைப் பாகை இறங்கினால் ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் குறையும். நண்பகலில் நிரப்பிய டயர் மறுநாள் விடியலில் இரண்டு மூன்று பவுண்டு இளைத்திருப்பது ஓட்டையினால் அன்று.

புது வண்டி வந்த மகிழ்ச்சியில் சிம்லாவுக்கோ, 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து பனி பார்க்கவோ உடனே புறப்படுகிறார்கள். முதற் சர்வீஸ் முடியும் வரை பொறுத்தல் நன்று. செல்வோர், ரேடியேட்டரில் வெறுந்தண்ணீர் ஊற்ற எவரையும் அனுமதிக்கலாகாது. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்து, என்ஜினின் இரும்பையே பிளந்துவிடும். உறையாத திரவமும் தூய நீரும் சரிபாதியாகக் கலந்தால் மைனசு 35 பாகையிலும் உறையாது. இரவில் கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் கட்டைகள் உறைந்து ஒட்டிக்கொள்வதுண்டு. சமதளத்தில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுப்பதே அங்குள்ளார் வழக்கம்.

பொதுவாக ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், இவற்றுள் முந்தியது வரும்போது முதற் சர்வீஸ். வண்டி அதிகம் ஓடவில்லையே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். உறுதிச்சீட்டின் பயன் கெடும். அன்று எண்ணெயின் அளவுகோலை நீங்களே உருவிப் பார்த்து, மட்டம் உயர்ந்திருந்தால் பெட்ரோல் கலந்துள்ளதா என்று கேளுங்கள்.

காப்பீட்டில் எவ்வெவற்றைச் சேர்ப்பது என்று மயூர் விகார் அன்பர்கள் சிலர் வினவியுள்ளனர். அதனை அடுத்த திங்கள் எழுதுவோம்.