ஒரு பூச்சியம் கற்றுத் தந்தது

சென்ற தவணைப் பரீட்சையில் என்னை விழுத்தியது ஒரு பூச்சியம்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஒரு சிறிய பைதன் செய்நிரலைத் தந்து, அதன் வெளியீடு என்ன என்று கேட்டிருந்தார்கள். −12, −5, −8 என்று மூன்று எண்கள். "பெரியது" என்றொரு மாறி, அதன் தொடக்கப் பெறுமானம் 0. எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது "பெரியது" என்பதை விடக் கூடியதாக இருந்தால் மட்டும் மாறியை மாற்ற வேண்டும். இந்தச் செய்நிரலை எனக்குத் தூக்கத்திலும் எழுத வரும். பார்த்ததுமே "மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் செய்நிரல்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு −5 என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போனேன். சரியான விடை 0. மூன்று எண்களுமே பூச்சியத்தை விடச் சிறியவை, ஆகவே அந்த மாறி ஒரு தடவைகூட மாறவில்லை. முதலாவது எண்ணையே "பெரியது" என்று வைத்துத் தொடங்கியிருந்தால்தான் −5 வந்திருக்கும்.

விடைத்தாள் கைக்கு வந்த அன்று நான் அழுதேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. புள்ளி போனதை விட, அந்த வினாவை நான் வாசிக்கவேயில்லை என்பதுதான் உறுத்தியது. தெரிந்த முகத்தைக் கண்டு ஸலாம் சொல்வது போல அதைக் கடந்து போயிருக்கிறேன்.

நம்மில் பலர் கணினிப் பாடத்தைப் படிக்கும் விதமே இதுதான். டியூஷன் குறிப்பைப் போட்டோகொப்பி எடுக்கிறோம். மஞ்சள் நிறத்தால் கோடு இழுக்கிறோம். செய்நிரல்களைக் கட்டுரை பாடமாக்குவது போலப் பாடமாக்குகிறோம். "பரீட்சை மண்டபத்தில் கணினி தரப்போவதில்லை, பேனைதானே பிடிக்கப் போகிறோம், பாடமாக்கினால் என்ன?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். எனது கருத்து நேர்மாறானது. கணினி தரமாட்டார்கள் என்பதால்தான் அந்த மூன்று மணித்தியாலமும் நாமே கணினியாக இருக்க வேண்டியிருக்கிறது. கணினி ஒருபோதும் "இது எனக்குத் தெரிந்த செய்நிரல்" என்று ஒரு வரியைத் தாண்டிப் போவதில்லை.

அதற்கான பயிற்சிக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். ட்ரேஸ் டேபிள் என்று டீச்சர் சொல்வாரே, நாம் சோம்பலில் விட்டுவிடும் அந்த அட்டவணைதான். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல். மாறியின் பெறுமானம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய நிரை. உதாரணமாக, ரேஞ்ச்(1, 5) என்று போட்டு எண்களைக் கூட்டும் ஒரு மடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மனதால் செய்தால் விடை 15 என்று வாய் சொல்லிவிடும். அட்டவணை போட்டால் கூட்டுத்தொகை 1, 3, 6, 10 என்று போய் அங்கேயே நிற்கும், ஏனென்றால் பைதன் 5ஐத் தொடாமல் 4உடன் நின்றுவிடுகிறது. இதைக் குறிப்பில் பத்துத் தடவை வாசித்தும் மறந்தவள் நான். அட்டவணையில் ஒரு தடவை பிழைவிட்ட பிறகு மறக்கவில்லை.

இது என் அனுபவம் மட்டுமல்ல. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பாடப்பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்களையும், வாசித்தபின் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிய மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் எழுதியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு நமக்கு எல்லாம் தெரிந்தது போல இருப்பது ஏன் என்பது இப்போது விளங்குகிறது. கடந்தகால வினாத்தாளைச் செய்யும்போது புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் இதனால்தான் விடச் சொல்கிறேன். அது செய்வதல்ல, பார்ப்பது.

பாடமாக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வலையமைப்பின் ஏழு அடுக்குகளின் பெயர்களையும், இரண்டின் அடுக்குகளையும் பாடமாக்கத்தான் வேண்டும். அவற்றை நான் சுபஹுக்குப் பிறகு உம்மாவுக்கு ஒப்புவிக்கிறேன். உம்மாவுக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் நான் தடுமாறினால் கண்டுபிடித்துவிடுவார்.

கணினி இல்லாமல் கணினி படிப்பது புதிய விடயமுமல்ல. அல்கோரிதம் என்ற சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய காலத்தில் ஏது கணினி? 1843இல் ஏடா லவ்லேஸ், சார்ள்ஸ் பாபேஜின் இயந்திரத்தில் பேர்னூலி எண்களைக் கணிப்பது எப்படி என்று படிப்படியாக ஒரு அட்டவணை வரைந்து வெளியிட்டார். எந்த மாறி எந்தப் படியில் மாறுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த இயந்திரமோ கட்டிமுடிக்கப்படவேயில்லை.

ஆனால் அந்த அட்டவணை பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அச்சில் வந்த அதன் ஒரு படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம்மாறி இருக்கின்றன. ஓட்டிப் பார்க்க இயந்திரம் இருந்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். காகிதம் அவ்வளவு தூரம்தான் கொண்டுபோகும். இடைவெளி ஒன்று பிசகினாலே பைதன் கோபித்துக்கொள்ளும் விதத்தையும், பிழைச்செய்தியை வாசித்து எந்த வரி என்று தேடும் பொறுமையையும் கொப்பியில் கற்க முடியாது. அதனால் நான் இப்போது முதலில் அட்டவணை போட்டு விடையை எழுதிக்கொள்கிறேன். பிறகு உம்மாவின் போனில் பைதனை ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டும் வேறுபடும் நாளில்தான் ஏதாவது புதிதாகப் படிக்கிறேன். அந்தச் சின்னத் திரையில் விரலால் அடைப்புக்குறி தேடித் தேடி அடிப்பது என்ன பாடு என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் மடிக்கணினி இருந்தாலும் அது பெரும்பாலும் நானாவின் கையில்தான் இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு வெளியே வகுப்புக்குப் போக எங்களில் பலருக்கு அனுமதியில்லை. பாடவேளையில் ஒரு கணினிக்கு மூன்று பேர் அமர்கிறோம். விசைப்பலகைக்கு முன்னால் எப்போதும் ஒருத்தியே இருக்கிறாள், மற்ற இருவரும் தலையாட்டுகிறோம். (பல நாட்களில் அந்த ஒருத்தி நான்தான். இனி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவோம் என்று இங்கேயே எழுதித் தருகிறேன்.) பாடசாலை விட்ட பிறகு அதே அறை பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணித்தியாலம் அது திறந்திருக்க வேண்டும் என்று அதிபரிடமும் ஆசிரியர்களிடமும் இந்தப் பக்கத்தின் ஊடாகக் கேட்கிறேன். யார் பொறுப்பு நிற்பது என்பதுதான் தடையென்றால், உயர்தர மாணவிகள் முறைவைத்துக் கையொப்பமிட்டுச் சாவியை வாங்கி, கணினிகளை எண்ணிப் பூட்டித் திருப்பித் தருவோம். முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.