“அந்தப் பொண்ணு கேஸு என்னாச்சு?”

திண்டிவனத்தில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அப்புறம் விழுப்புரம். பாசஞ்சர் ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். இந்த முக்கால் மணி நேரத்தை ரீல்ஸ் தின்னக் கூடாது என்று நான் எடுத்த சபதங்களைப் பற்றி இந்தப் பகுதியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். ஸ்பானிஷ் பதினொரு நாள் தாங்கியது. எக்செல் நாலு நாள். இந்த முறை கொஞ்சம் விபரீதமான முடிவு: கிரேக்க, ரோமானியக் காவியங்களும் நாடகங்களும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்ட்ரக், கோர்ஸெரா தளத்தில் நடத்தும் கிரேக்க, ரோமானியப் புராண வகுப்பு அது. ஹோமரின் ‘ஒடிஸி’யில் தொடங்கி ஈஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிபிடீஸ் வழியாக ரோமுக்குப் போய் வெர்ஜில், ஓவிட் என்று முடியும். படிக்க வேண்டிய நூல்களின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அதற்கு மேல் ஒரு ஜர்னலிசம் டிப்ளமோ. அமெரிக்க ஆங்கிலத்தை 0.75 வேகத்தில் ஓட்டினாலும் பாதிதான் ஏறும். கிளைட்டம்னெஸ்ட்ரா என்ற பெயரைத் தடுக்காமல் சொல்லவே இரண்டு நாள் ஆனது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் ரயிலில் கேட்ட கதையை ராத்திரி வீட்டில் ஆயாவிடம் சொல்வது. ஆயாவுக்குப் புரிந்தால் எனக்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆயா அன்றைக்கு விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் டிராய் யுத்தத்தை ஆரம்பித்தேன். கிரேக்கப் படை ஆலிஸ் துறைமுகத்தில் நிற்கிறது. கப்பல் கிளம்பக் காற்று ஒத்துழைக்கவில்லை. ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குக் கோபம். தளபதி அகமெம்னான் தன் மூத்த மகள் இபிஜீனியாவைப் பலி கொடுத்தால்தான் காற்று திரும்பும் என்கிறார் குறி சொல்பவர். மகளை எப்படி வரவழைப்பது? ‘மாவீரன் அகிலிஸுக்கு உன்னைக் கட்டிக்கொடுக்கிறேன், கிளம்பி வா’ என்று வீட்டுக்குத் தகவல் போகிறது.

ஆயாவின் கை நின்றது. “கல்யாணம்னு சொல்லியா?”

“ஆமா ஆயா.”

“அரவான் கதையில்ல இது!”

எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். விழுப்புரத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் கூவாகம். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது கள்ளக்குறிச்சியில் இருக்கிறது, ஆனாலும் சித்திரை வந்தால் விழுப்புரம் லாட்ஜுகள்தான் நிரம்பும். பாண்டவர்கள் ஜெயிக்க முப்பத்திரண்டு லட்சணமும் உள்ள ஒருவனைக் காளிக்குப் பலியிட வேண்டும். கிருஷ்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனனின் மகன் அரவான், மூன்று பேருக்கும் அந்த லட்சணம் உண்டு. முதல் இருவரையும் விட்டால் யுத்தம் இல்லை. மிச்சம் பையன். சாவதற்கு முன்னால் கல்யாணம் கேட்கிறான். யாரும் பெண் தரவில்லை, கிருஷ்ணனே மோகினியாக வந்து ஒரு ராத்திரி மனைவியாகிறார். வியாசர் கதையில் அரவான் எட்டாம் நாள் போரில் அரக்கன் கையில் சாகிறான், அவ்வளவுதான். இந்தக் களப்பலி தமிழ்ப் பாரதத்துக்கு உரியது. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது. கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் மறுநாள் அதை அறுத்துவிட்டு அழுவதை நானே மொபைலில் படம் பிடித்து நம் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். வியூஸ் கூட நன்றாக வந்தது.

ஒரு வித்தியாசம். அரவானின் கல்யாணம் ஒரே ராத்திரி என்றாலும் நிஜம். அவனிடம் கேட்டார்கள், அவனும் சம்மதித்தான். இபிஜீனியாவுக்குச் சொன்ன கல்யாணம் முழுப் பொய். யூரிபிடீஸ் நாடகத்தில் கடைசியில் அவளும் சாகச் சம்மதிக்கிறாள், ஆனால் பந்தல் இல்லை என்று தெரிந்த பிறகு.

அதற்கு முந்தைய ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில் இந்தப் பலியை மேடையில் காட்டுவதே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக நின்று பாட்டாகச் சொல்கிறார்கள். வாயைக் கட்டியிருக்கிறது. அவளால் பேச முடியாது, கண்ணால் கெஞ்சுகிறாள். கத்தி இறங்கும் இடத்துக்கு வந்ததும் அவர்கள் கதையை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘கோரஸ்’ என்று பெயர். நம் தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள், கட்டியங்காரன் இருவரையும் சேர்த்து யோசித்தால் கொஞ்சம் பிடிபடும். ஆனால் கட்டியங்காரன் துகிலுரியும் காட்சியிலும் ஜோக் அடிப்பார், கோரஸ் அடிக்காது. ஏதென்ஸில் அழுகையும் சிரிப்பும் தனித்தனிப் பந்தி: ஒரு கவிஞர் மூன்று சோக நாடகம் போட்டு முடித்த பிறகுதான் கூத்தடிக்க ஒரு சடையர் நாடகம்.

மற்றபடி ஒற்றுமைக்குக் குறைவில்லை. அங்கேயும் சாமி திருவிழாவில்தான் நாடகம். அங்கேயும் பெண் வேடம் கட்டியது ஆண்கள். முகமூடி அவர்களுக்கு, அரிதாரமும் கட்டைக் கிரீடமும் நமக்கு. அவர்கள் பகலில் ஆடினார்கள், நாம் விடிய விடிய. பெரிய வித்தியாசம் வேறு. சோஃபக்ளிஸ் எழுதியவை 120க்கு மேல், முழுதாகக் கிடைப்பவை 7. மெட்டுகள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. நமக்கோ முகவீணை இன்னமும் கேட்கிறது. திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் செஞ்சி. பக்கத்து மேலச்சேரி கோயிலைத்தான் திரௌபதி அம்மனின் தாய்க்கோயில் என்பார்கள். ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்து 1988இலும் 1991இலும் இரண்டு தடித்த தொகுதி எழுதியிருக்கிறார். நான் அமெரிக்கப் பேராசிரியர் வழியாக ஏதென்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் எனக்கு முன்பே எங்கள் ஊர்ப் பக்கம் வந்து போயிருக்கிறார்.

சரி, ஆயாவுக்கு வருவோம்.

“அவ அம்மா சும்மாவா இருந்தா?” என்றார்.

சும்மா இருக்கவில்லை. பத்து வருஷம் காத்திருந்தாள். ஜெயித்துத் திரும்பிய புருஷனைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றாள். குளியல் தொட்டியில் துணியை வலை மாதிரிப் போட்டுச் சுற்றிக் கொன்றாள். அவளுக்கு ஏஜிஸ்தஸ் என்று ஒரு ஆள் தொடர்பு இருந்ததை நான் ஆயாவிடம் முதலில் சொல்லவில்லை. இந்தச் செய்தி எங்கள் டெஸ்க்குக்கு வந்திருந்தால் தலைப்பில் ‘கள்ளக்காதல்’ முதல் வார்த்தையாக நின்றிருக்கும், மகள் மூன்றாவது பத்தியில் வந்திருப்பாள். அந்த மாதிரித் தலைப்பு நானும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் ராத்திரி மிச்சக் கதை. மகன் ஒரெஸ்டிஸ் வந்து, அப்பாவைக் கொன்ற அம்மாவைக் கொல்கிறான். வழக்கு ஏதென்ஸுக்குப் போகிறது. மகனுக்காக அப்போலோ தெய்வமே வாதாடுகிறது: தாய் என்பவள் உண்மையில் பெற்றவள் இல்லையாம், தகப்பனின் வித்தைச் சுமந்து வளர்ப்பவள்தானாம். ஓட்டு சரிபாதியாக விழுகிறது. தாயில்லாமல் பிறந்த ஏதீனா தேவியின் ஓட்டு மகன் பக்கம். விடுதலை. கி.மு. 458இல் இந்த நாடக வரிசைக்கு முதல் பரிசு.

“பரிசு குடுத்தவங்க எல்லாம் ஆம்பளையா?”

“ஆமா ஆயா.” (பெண்கள் பார்க்கவாவது வந்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.)

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பனைக் கொன்னதுக்கு ஒரு கேஸு, அம்மாவைக் கொன்னதுக்கு ஒரு கேஸு. அந்தப் பொண்ணு கேஸு என்னாச்சு?” என்றார்.

ரயிலில் அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டினேன். நாடகத்தையும் புரட்டினேன். நீதிமன்றத்தில் அவள் பெயரைச் சொல்லி யாருமே வாதாடவில்லை.

யூரிபிடீஸின் இன்னொரு நாடகம் அவளைப் பிழைக்க வைக்கிறது. கடைசி நொடியில் ஆர்ட்டெமிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தூர தேசத்தில் பூசாரியாக வைக்கிறாள், தம்பி வந்து மீட்கிறான். இதைக் கிண்டலடித்து யாரோ ஒரு கேலி நாடகம் எழுதினார்கள். எகிப்தில் கிடைத்த கி.பி. 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஏட்டில் இருக்கிறது, 1903இல் அச்சானது. அதில் நாயகி கேரிஷன் சிக்கியிருப்பது இந்தியக் கடற்கரையில்! நம் ஆட்களுக்குச் சாராயம் ஊற்றிவிட்டுத் தப்பிக்கிறார்கள். கோமாளியின் நகைச்சுவை குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாத வகை, கட்டியங்காரன் கூடத் தயங்குவார். இந்தியர்கள் பேசும் புரியாத வசனத்தைக் கன்னடம் என்று சொன்னவர்கள் உண்டு, எல்லோரும் ஏற்கவில்லை. எந்தக் கடற்கரை என்றும் தெளிவில்லை. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான ‘பெரிப்ளஸ்’ சொல்லும் பொதுகே நம் அரிக்கமேடு, சோபட்மா நம் மரக்காணம் என்பது பலரின் கருத்து. 1945இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடி ஓடுகள் கிடைத்தன. திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு டவுன் பஸ்ஸே இருக்கிறது.

இதையெல்லாம் ஆயாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் இன்னும் களப்பலியிலேயே இருந்தார்.

எங்கள் கிராமத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது அரவான் களப்பலி அன்றைக்கு மட்டும் ஆயா பாதியில் எழுந்து வந்துவிடுவார். தூக்கம் என்று நினைத்திருக்கிறேன். அன்றுதான் சொன்னார். பெரியப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. மூன்று பிள்ளைகளில் ஒருவனை வேலைக்கு அனுப்பினால் மற்ற இரண்டும் படிக்கும் என்று தாத்தா கணக்குப் போட்டார். விழுப்புரத்தில் ஒரு டீக்கடை. பையன் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பான் என்பதால், பொருட்காட்சி பார்க்கலாம் வா என்று சொல்லி பஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

“புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனான்டி. நான்தான் பட்டன் போட்டு வுட்டேன்.”

“தாத்தாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலையா ஆயா?”

“நானும் சரின்னுதான் சொன்னேன்.”

அப்பா படித்தார், அத்தை படித்தார், நான் டிப்ளமோ முடித்து மொபைலில் ஏதென்ஸ் பார்க்கிறேன்.

வகுப்பு இப்போது வெர்ஜிலுக்கு வந்துவிட்டது. ஈனியஸ் என்பவன் ரோமுக்கு அடி போடப் போகிற வழியில் டைடோ என்ற ராணியைக் கைவிட்டுப் போகிறான், அவள் சிதை அடுக்கி அதன் மேல் வாளால் குத்திக்கொண்டு சாகிறாள். ஆயாவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

போன வாரம் ரயில் விட்டு இறங்கியதும் பெரியப்பா கடைக்குப் போனேன். இப்போது அது அவர் சொந்தக் கடை. டீ ஆற்றிக்கொண்டே என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஆலிஸ் கதையை மட்டும் சொன்னேன், ஆயா சொன்னதைச் சொல்லவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?” என்றார்.

“நாடகத்துல சொல்லலை பெரியப்பா.”

கிளாஸைக் கழுவப் போட்டார். காசு வாங்கவில்லை. அடுத்த வருஷம் நம்ம ஊர்க் கூத்துக்கு வருவீங்களா என்று கேட்டேன்.

“ராத்திரி முழிச்சா காலையில கடையை யாரும்மா தொறப்பா?” என்றார்.