கெசரும் மொசரும்: எதுகையைக் கண்ணுக்குக் கற்பிப்பதை நிறுத்துவோம்

அண்மையில் பெங்களூரில் தமிழ் கற்பிக்கும் பள்ளியொன்றில், ஏழாம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். கரும்பலகையில் இலக்கணம் இருந்தது: முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இறுதி ஒன்றினால் இயைபு. மாணவர்கள் செய்யுளில் கோடிட்டுக்கொண்டிருந்தனர். ஒருவர்கூட அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

வீட்டில் கன்னடம் பேசும் சிறுமி ஒருத்தி, பட்டு, பாட்டு இரண்டையும் எதுகை என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கற்குறி விழுந்தது. "வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளைகளுக்குச் செய்யுள் ஏறாது" என்றார் ஆசிரியர்.

அவர் மீது எனக்குச் சினமில்லை; அக்கூற்றின் மீதுதான் சினம். அச்சிறுமி கரும்பலகை விதியை அப்படியே பின்பற்றினாள். குறை விதியில் இருந்தது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்துகள் அளவிலும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டுக்குக் கட்டு எதுகையாகும், பாட்டு ஆகாது. கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் பத்து வயதுக் குழந்தையின் செவியே இதைக் கண்டுகொள்ளும். கோடிடும் பேனாவுக்கு இது ஒருநாளும் கேட்காது.

இன்னொன்றும் உண்டு. அச்சிறுமியின் வீட்டுமொழியில் ஒரு பழமொழி வழங்குகிறது: 'கை கெசராதரெ பாயி மொசரு.' கை சேறானால் வாய்க்குத் தயிர் என்பது பொருள். கெசரு, மொசரு: முதலில் குறில், இரண்டாவதாக 'ச'. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதில் ஆடியும் தேடியும் இணைவது போலவே இவையும் இணைகின்றன. இரண்டாம் எழுத்தில் ஒலியைக் கட்டுவது கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் பொதுவான மரபு. அவை அதனைப் பிராசம் என்கின்றன. உருது பேசும் வீட்டுக் குழந்தைக்கு அடியின் இறுதியில் ஒலிக்கும் காஃபியா தெரியும். இயைபுக்கு அது நல்ல வாயில். ஆக, அந்த வகுப்பில் வெறுஞ்செவியோடு வந்த குழந்தை எவருமில்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, பன்மொழிச் சூழலை வகுப்பறையின் வளமென்றே கூறுகிறது. நாமோ அதைக் குறைபாடாகக் கணக்கிடுகிறோம்.

"தேர்வில் 'எதுகைச் சொற்களை எடுத்தெழுதுக' என்றுதானே கேட்கிறார்கள்?" என்பீர்கள். கேட்கட்டும். ஒலியை உணர்ந்த குழந்தை அதையும் எழுதும். எழுத்தை மட்டும் எண்ணிய குழந்தையோ தேர்வு முடிந்ததும் செய்யுளை விட்டு விலகும்.

தமிழகத்துக்கு வெளியே தமிழை விருப்பப் பாடமாக எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நமக்கு அரியவர். அவரிடம் "இது உன் மொழியன்று" என்று ஒரு சிவப்புக் குறியால் சொல்லிவிட்டு, பிறகு தமிழ் தேய்கிறதே எனப் புலம்புவதில் பொருளில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த செய்யுள் வகுப்பில் முதல் பத்து நிமிடம் புத்தகத்தை மூடி வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பழமொழி ஒன்றை உரக்கச் சொல்லட்டும். எதுகை எங்கே விழுகிறது என்பதை வகுப்பே கண்டுபிடிக்கும். இலக்கணப் பெயரை அதன்பின் எழுதலாம்.