‘தொம்’மைத் தின்னும் குழாய்

தமிழ் சினிமாவில் சைலன்சர் போட்ட துப்பாக்கி சோடா பாட்டில் திறந்த மாதிரி ‘புஸ்’ என்கிறது. பக்கத்து அறையில் தூங்குபவன் புரண்டுகூடப் படுக்க மாட்டான். மெஷின் கன் என்றால் ‘கைதி’, ‘விக்ரம்’ கிளைமாக்ஸ்கள்: ஒரு ஆள், தீராத தோட்டா, சாய்ந்து விழ ஒரு கூட்டம். இதைச் சொன்னால் “படம்தானே பாஸ், லாஜிக் பாக்காதீங்க” என்பார்கள். சரி, லாஜிக்கை விட்டுவிடுவோம். என் சண்டை வேறு. இந்த இரண்டு கருவிகளும் வேலை செய்வதே சுடப்படுகிறவனின் காதிலும் மனதிலும்தான். நம் படங்களில் அந்த ஆளே இல்லை.

ரைஃபிள் சுடும்போது முனை அருகே சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 25, 30 குறைக்கும். மிச்சம் 130 சொச்சம். நம் தீபாவளிப் பட்டாசுக்குச் சட்டம் வைத்த வரம்பு, 4 மீட்டர் தள்ளி 125. அளக்கும் தூரம் வேறுதான். ஆனாலும் ‘புஸ்’ எங்கே, அணுகுண்டு வெடி எங்கே? தவிர, ஏகே-47 தோட்டா வினாடிக்கு 700 மீட்டருக்கு மேல் போகிறது, ஒலியின் வேகம் 340தான். ஒலியை முந்துகிற தோட்டா போகும் வழியெல்லாம் சாட்டை சொடுக்கிக்கொண்டே போகும். முனையில் எதை மாட்டினாலும் அந்தச் சத்தம் நிற்காது.

பிறகு எதற்கு மாட்டுகிறார்கள்? சுடப்படுகிறவனுக்கு முதலில் சாட்டைச் சத்தம் கேட்கும், அப்புறம் தூரத்தில் ஒரு ‘தொம்’. அந்த ‘தொம்’மை வைத்துத்தான் சுட்டவன் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவான். சைலன்சர் அதைத் தின்றுவிடுகிறது. முனை நெருப்பையும் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. நான் இருக்கும் கூக்காலில் பூண்டுத் தோட்டத்துக்கு வரும் காட்டுமாட்டை விரட்ட ராத்திரி வெடி போட்டால், சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி, எந்தத் தோட்டத்தில் போட்டார்கள் என்றே தெரியாது. கிட்டத்தட்ட அதே திகைப்புதான். சுடுகிறவர்களுக்கோ தங்கள் அதிகாரி கத்துவது காதில் விழும். 2020இன் கடைசியில் அமெரிக்க மரைன் படை சாதாரணக் காலாட்படைக்கும் சைலன்சர் கொடுக்கத் தொடங்கியது சும்மா இல்லை.

(மெஷின் கன்னை உருவாக்கிய ஹைரம் மேக்சிம் தன் துப்பாக்கிகளின் சத்தத்திலேயே காது கெட்டவர். 1909இல் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய மகன். கதையில் எழுதினால் ‘ஓவர்’ என்பார்கள்.)

மெஷின் கன்னுக்கு வருவோம். நம் ராணுவத்தின் எம்ஏஜி துப்பாக்கி தோட்டா இல்லாமலே 11 கிலோவுக்கு மேல். நிமிடத்துக்கு 750 தோட்டா என்று வைத்தால், ஹீரோ ஒரு நிமிடம் விடாமல் சுட 20 கிலோ தோட்டா வேண்டும். குழலும் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் ஆறேழு தோட்டா, ஒரு நிறுத்தம், மறுபடி ஆறேழு; குழல் மாற்றித்தரப் பக்கத்தில் இன்னொருவர். பெரும்பாலான தோட்டாக்கள் யார் மேலும் படுவதில்லை, படவும் வேண்டாம். எதிரி தலை தூக்காமல் கிடந்தால் போதும், அதற்குள் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

1987 அக்டோபர் 11 நள்ளிரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானம். புலிகளின் தலைமையைப் பிடிக்க இந்திய அமைதிப்படை எம்ஐ-8 ஹெலிகாப்டர்களில் ஆட்களை இறக்கியது. வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் மெஷின் கன்களோடு காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் துளைபட்டன, அடுத்த நடைகள் நின்றன. இறங்கிவிட்ட 13ஆம் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேர் தனியாக மாட்டிக்கொண்டார்கள். 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த மெஷின் கன்கள் அன்றைக்குச் செய்த பெரிய காரியம், வரவேண்டிய ஹெலிகாப்டர்களை வரவிடாமல் செய்தது.

ஈழத்தில் வீட்டு முற்றத்தில் வெட்டிய குழிக்குப் ‘பங்கர்’ என்று பெயர். அதற்குள் கிடந்தவர்களுக்கு எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது உயிர்க் கணக்கு. அவர்களில் பலர் இன்று தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். இந்தப் படங்களுக்கு அவர்களும்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ கொஞ்ச நேரம் சுடப்படுபவர்கள் பக்கம் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. அடுத்த படத்திலாவது கேமராவைத் துப்பாக்கிக்குப் பின்னாலிருந்து எடுத்து, தரையில் முகம் பதித்துக் கிடக்கிறவன் பக்கத்தில் வையுங்கள். பத்து நிமிடம். பின்னணி இசை வேண்டாம்.